நத்தார் இரவு விருந்துக்கு எந்தப் பிரெஞ்சு ஒயின்? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் நெருங்கிவிட்டதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிறிஸ்துமஸ் விருந்தையும் அதற்கு வாங்க வேண்டிய ஒயினையும் பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விடை தந்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணந்திருக்கிறாள். இவ்வாண்டு டிசம்பர் 24 இரவு சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்; எல்லோருமாக எட்டுப் பேர். சிப்பி, ஃபுவா கிரா, ஓவனில் சுட்ட ஷப்போன், சீஸ், பூஷ் கேக் என்று உணவுப் பட்டியலை மகளே போட்டுவிட்டாள். ஒயின் வாங்கும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், லா கூர்நவ்

பதில்: ஐந்து உணவுக்கு ஐந்து ஒயின் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. கடையில் நின்று நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு, தட்டில் இருக்கும் உணவில் உப்பு, புளிப்பு, கொழுப்பு, இனிப்பு ஆகியவற்றுள் எது மேலோங்கி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இறைச்சி எது என்பதைவிட, அதன் மேல் ஊற்றப்படும் சாறு எது என்பதுதான் பெரும்பாலும் ஒயினைத் தீர்மானிக்கிறது.

சிப்பியில் உப்பும் கடல்நீரின் மணமும் மிகுதி. அதற்கு இனிப்பே இல்லாத, புளிப்பு நன்றாகத் தெரிகிற, ஓக் பீப்பாயின் மணம் ஏறாத வெள்ளை ஒயின் வேண்டும். நாந்த் நகரை அடுத்த லுவார் ஆற்றுப் பகுதியில், மெலோன் த பூர்கோஞ் என்னும் திராட்சையிலிருந்து செய்யப்படும் முஸ்கதே அத்தகையது; விலையும் கையைக் கடிக்காது. லேபிளில் ‘சூர் லீ’ என்று அச்சிட்டிருக்கும் புட்டியைத் தேர்ந்தெடுங்கள். நொதித்தல் முடிந்த பின்னும் குளிர்காலம் முழுவதும் ஈஸ்ட் வண்டலின் மேலேயே கிடந்த ஒயின் அது. அதனால் வெறும் புளிப்பாக நில்லாமல் நாக்கில் சற்று நிறைவும் தெரியும். கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால் ஷப்லி வாங்கலாம். ஷப்லியின் சுண்ணாம்பு மண்ணில் பழங்காலச் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடப்பதால்தான் அந்த ஒயின் சிப்பியோடு சேர்கிறது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். புதைபடிவங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் பொருத்தத்துக்குக் காரணம் குளிர்ந்த வட பகுதியில் விளையும் ஷார்தொனே திராட்சையின் புளிப்பே என்று நான் கருதுகிறேன். மகளிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்ட வினிகரைச் சிப்பியின் மேல் தாராளமாக ஊற்றிவிட்டால், எந்த ஒயினும் சப்பென்றாகிவிடும்.

கொழுக்க வைத்த வாத்தின் ஈரலான ஃபுவா கிராவுக்குச் சோத்தெர்ன் என்னும் இனிப்பு வெள்ளை ஒயின் என்பது பிரான்சில் ஏறக்குறைய எழுதப்படாத சட்டம். போர்தோவுக்குத் தெற்கே, சிரோன் என்னும் சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றின் சற்றே வெதுவெதுப்பான நீரோடு கலக்கும் இலையுதிர் காலத்தில், காலைதோறும் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் போத்ரீத்திஸ் என்னும் பூஞ்சை பழத்தின் தோலைத் துளைக்க, பிற்பகல் வெயிலில் பழத்தின் நீர் வற்றிச் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. எல்லாப் பழங்களும் ஒரே நாளில் இந்நிலைக்கு வருவதில்லையாதலால், பறிப்பவர்கள் ஒரே தோட்டத்தில் பலமுறை இறங்கி, பூஞ்சை பிடித்த பழங்களை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷாத்தோ தீக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் தேறும் என்பார்கள். 2012-ஆம் ஆண்டு விளைச்சல் தரத்துக்கு வரவில்லை என்று அவ்வாண்டின் இனிப்பு ஒயினையே அவர்கள் வெளியிடவில்லை. சோத்தெர்னின் விலைக்கு இந்த உழைப்பே காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விருந்தின் தொடக்கத்திலேயே இவ்வளவு இனிப்பான ஒயினைக் கோப்பை நிறையக் குடித்துவிட்டால், அடுத்து வரும் இனிப்பற்ற ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். ஆகவே 37.5 சென்டிலிட்டர் அரைப்புட்டி ஒன்றே உங்களுக்குப் போதும். ஆளுக்கு ஐந்து சென்டிலிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதன் பிறகு ஷப்போன் வருவதற்குள் கால் மணி நேரம் இடைவெளி விட்டு, ரொட்டியும் தண்ணீரும் வையுங்கள்.

காயடித்துக் கொழுக்க வளர்த்த சேவலே ஷப்போன். கஷ்கொட்டை வைத்துச் சுட்டு, க்ரீமும் காளானும் சேர்ந்த சாற்றை மேலே ஊற்றுவதாக இருந்தால், பூர்கோஞ் பகுதியின் வெள்ளை ஒயினையே வாங்குங்கள். மெர்சோ புகழ் பெற்றது, விலையும் அதற்கேற்றது. அதற்குத் தெற்கேயுள்ள ருயி, மோன்தஞி ஆகிய ஊர்களின் வெள்ளை ஒயின்கள் அதே ஷார்தொனே திராட்சையில், குறைந்த விலைக்குக் கிடைக்கும். க்ரீம் இல்லாமல் அதன் சொந்தச் சாற்றோடு மட்டும் பரிமாறினால், பொழோலே பகுதியின் ஃப்ளூரி அல்லது மோர்கோன் போன்ற மென்மையான சிவப்பு ஒயின் நன்றாக இருக்கும். மெதோக் பகுதியின் துவர்ப்பு மிகுந்த போர்தோ ஒயினைப் பலரும் கௌரவத்துக்காக இந்த இடத்தில் திறக்கிறார்கள்; அந்தத் துவர்ப்பு கோழியின் வெள்ளை இறைச்சியை வாயில் உலர்த்திவிடும். அதை மாட்டிறைச்சி சமைக்கும் நாளுக்கு எடுத்து வையுங்கள்.

ஆக, எட்டுப் பேருக்கு முஸ்கதே இரண்டு புட்டி, சோத்தெர்ன் அரைப்புட்டி, ஷப்போனுக்கு இரண்டு புட்டி, கேக்குக்கு இனிப்பு ஒயின் ஒன்று (எது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்). விருந்தினர் வந்து அமர்ந்ததும் கொடுப்பதற்கும் முதலில் சொன்ன முஸ்கதேயே போதும். சீஸுக்கென்று தனியாக எதுவும் வாங்காதீர்கள். ஷப்போனோடு திறந்த வெள்ளை ஒயின் அதற்கும் வரும்.

கேள்வி: கேக்கோடு ஷாம்பெயின் குடித்தால் அது புளித்துப்போனது போலத் தெரிகிறது. புட்டி பழுதா, என் நாக்கு பழுதா?
— வாசகி, ஸ்த்ராஸ்பூர்

பதில்: இரண்டும் நன்றாகவே இருக்கின்றன; சேர்க்கைதான் தவறு. கடைகளில் கிடைக்கும் ஷாம்பெயினில் பெரும்பகுதி ‘ப்ரூட்’ வகையைச் சேர்ந்தது. அதில் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரையே இருக்கிறது. அதைவிடப் பலமடங்கு இனிப்பான கேக்கைத் தின்ற வாய்க்கு அதன் புளிப்பு மட்டுமே எஞ்சும். உணவைவிட ஒயின் சற்றேனும் கூடுதல் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது இனிப்புப் பலகாரங்களுக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்காத விதி.

கேக்கோடு ஷாம்பெயின் குடிக்கும் வழக்கம் வந்ததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், குறிப்பாக ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட ஷாம்பெயினில் லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டிச் சர்க்கரை சேர்க்கப்பட்டது. அன்று அது உண்மையிலேயே விருந்தின் இறுதிக்குரிய பானமாக இருந்தது. இங்கிலாந்துச் சந்தை இனிப்புக் குறைந்த ஒயினை விரும்பியதையொட்டி மதாம் பொமெரியின் நிறுவனம் 1874-ஆம் ஆண்டு விளைச்சலை இனிப்புக் குறைத்து விற்று வெற்றி கண்ட பிறகு, ஷாம்பெயினின் சுவை மாறியது. பரிமாறும் வழக்கம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

உங்களுக்குக் கேக்கோடு நுரைக்கும் ஒயின்தான் வேண்டுமென்றால், லேபிளில் ‘தெமி-செக்’ என்று இருப்பதைக் கேளுங்கள். அதில் லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை இருக்கும். ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ (மிகவும் இனிப்பற்றது) என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ப்ரூட்டைவிட இனிப்பானது. சாக்லேட் பூஷ் என்றால் நுரையை மறந்துவிட்டு, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ருசியோன் பகுதியின் மோரி அல்லது பன்யுல்ஸ் வாங்குங்கள். நொதித்தலின் நடுவிலேயே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரையில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடுகிற சிவப்பு ஒயின்கள் இவை. கசப்புச் சாக்லேட்டுக்கு எதிரே சளைக்காமல் நிற்கும். பழக்கூழ் வைத்த கேக்குக்கு அதே பகுதியின் முஸ்கா த ரிவசால்ட் ஏற்றது.

கேள்வி: மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்பது வெறும் சம்பிரதாயம்தானா?
— வாசகர், திருச்சி

பதில்: பாதி சம்பிரதாயம். சிவப்பு ஒயின் சிலவற்றில் இரும்புச் சத்து கூடுதலாக இருக்கும். அது கடல் உணவின் கொழுப்போடு சேரும்போது வாயில் கவுச்சி வாடை எழுவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். துவர்ப்பும் மீனின் மென்மைக்கு ஒத்துவராது. ஆனால் போர்தோக்காரர்கள் லாம்ப்ரே என்னும் விலாங்கு போன்ற மீனைச் சிவப்பு ஒயினிலேயே வேகவைத்து, அதே ஒயினோடு உண்கிறார்கள். சாறுதான் ஒயினைத் தீர்மானிக்கிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கேள்வி: நத்தார் அன்று மத்தியானம் வீட்டில் வழமையாக இடியப்பமும் சொதியும் ஆட்டிறைச்சிக் கறியும் இறால் பொரியலும்தான். பிள்ளைகள் இம்முறை ஒயின் வேண்டுமென்று நிற்கிறார்கள். எங்கள் உறைப்புக்கு எந்தப் பிரெஞ்சு ஒயின் தாக்குப்பிடிக்கும்?
— வாசகி, சார்செல்

பதில்: யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு முன்னால் முதலில் தோற்பது விலை உயர்ந்த ஒயின்தான். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆல்கஹால் உறைப்பைத் தூண்டிவிடும், ஆகவே 14.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஷாத்தோநேஃப் த பாப் போன்ற ஒயினைக் கறியோடு குடித்தால் வாய் எரியும். துவர்ப்பும் எரிச்சலைக் கூட்டும். ஆகவே இளம் போர்தோவும் கூடாது. உறைப்பைத் தணிப்பவை இனிப்பும் குளிர்ச்சியுமே. தேங்காய்ப்பால் கறிக்குள்ளே செய்யும் வேலையை ஒயினில் மிச்சமிருக்கும் சிறிதளவு சர்க்கரை வாய்க்குள்ளே செய்கிறது.

இறாலுக்கும் சொதிக்கும் அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்த்ராமினரை முயன்று பாருங்கள். ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்தது போன்ற அதன் மணம் பெருஞ்சீரகம், ஏலம், கறுவா ஆகியவற்றோடு சண்டை பிடிக்காது. அல்சாஸ் புட்டியில் இனிப்பின் அளவைக் குறித்திருப்பார்கள். ‘செக்’ (இனிப்பற்றது) என்பதை விட்டு ‘தெமி-செக்’ (சற்று இனிப்பானது) என்பதை எடுங்கள். சொதியில் தேசிக்காய்ப் புளி தூக்கலாக இருந்தால் மட்டும், புளிப்புக் கூடிய ரீஸ்லிங் தெமி-செக் இதைவிடப் பொருந்தும்.

வறுத்த தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறிக்கு வெள்ளை ஒயின் சற்று மெலிவாகவே இருக்கும். ரோன் பகுதியின் தெற்கே விளையும் தவெல் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின், மற்ற ரோஸே ஒயின்களைவிட நிறத்திலும் வாயில் தெரியும் நிறைவிலும் கனத்தது. நன்றாகக் குளிர வைத்து ஊற்றினால் கறியின் எண்ணெயையும் மிளகின் காரத்தையும் சமாளிக்கும். சிவப்புத்தான் வேண்டுமென்று மருமகன் அடம்பிடித்தால், கமே திராட்சையில் செய்த ஃப்ளூரியைக் குளிர்சாதனப் பெட்டியில் முக்கால் மணி நேரம் வைத்துக் கொடுங்கள். கறியை ஒயினுக்காக உறைப்புக் குறைத்துச் சமைக்க வேண்டாம். வருடத்தில் ஒரு நாள் வருகிற கறி அது. ஒயினை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ‘க்ராண் க்ரூ’ என்று லேபிளில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
— வாசகர், கனடா

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள், ஏனெனில் அந்தச் சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறு. பூர்கோஞ்சில் அது நிலத்துக்குரிய பட்டம். மெதோக்கில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் 1855-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் விலையின் அடிப்படையில் வகுத்த பட்டியலில் இடம் பெற்ற ஷாத்தோக்களுக்கு, அதாவது ஒயின் பண்ணைகளுக்கு, உரிய பட்டம்; அதில் பின்னர் நிகழ்ந்த புகழ்பெற்ற மாற்றம் 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதுதான். செந்த் எமிலியோனிலோ ‘க்ராண் க்ரூ’ என்பது சற்றுக் கடுமையான விதிகளுக்கு உட்பட்ட ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. ‘க்லாஸே’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால்தான் அது தர வரிசையில் இடம் பெற்ற ஒயின். பண்டிகைக் காலத்தில் பல்பொருள் அங்காடிகள் அடுக்கி வைக்கும் மலிவான ‘க்ராண் க்ரூ’ புட்டிகள் பெரும்பாலும் ‘க்லாஸே’ இல்லாத இந்தச் செந்த் எமிலியோன் வகைதான். அதே பணத்துக்கு நல்ல க்ரேமான் கிடைக்கும். அல்சாஸ், லுவார், லிமூ, ஜுரா முதலிய பகுதிகளில், ஷாம்பெயின் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைத்துச் செய்யப்படும் ஒயின் அது.

கேள்வி: சீஸ் தட்டுக்குச் சிவப்பு ஒயின்தானே முறை?
— வாசகர், துலூஸ்

பதில்: முறையாக இருக்கலாம், பெரும்பாலும் சுவையாக இருப்பதில்லை. முற்றிய கமம்பேரோடு துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் கசக்கும். ஆட்டுப்பால் சீஸுக்குச் சான்செர் வெள்ளை. ஷவின்யோல் சீஸும் அந்த ஒயினும் ஒரே மண்ணில் பிறந்தவை. நீலம் பூத்த ரோக்ஃபோருக்குச் சோத்தெர்ன். கொம்தேக்கும் டிசம்பரில் எல்லோரும் வாங்கும் மோன் தோருக்கும் ஜுரா பகுதியின் வெள்ளை ஒயின்கள். பணமும் ஆர்வமும் இருந்தால் கொம்தேக்கு வேன் ஜோன் வாங்கிப் பாருங்கள். சவஞின் திராட்சையில் செய்து, ஆறாண்டுகளுக்கு மேல் பீப்பாயில் ஈஸ்ட் படலத்தின் அடியில் கிடந்து, 62 சென்டிலிட்டர் கொண்ட குட்டைப் புட்டியில் வரும் அந்த ஒயினில் அக்ரூட் பருப்பின் மணம் வீசும். முதல் வாயிலேயே எல்லோருக்கும் பிடித்துவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

கேள்வி: புரோவான்ஸ் பகுதியில் கிறிஸ்துமஸ் இரவில் 13 இனிப்புகள் வைப்பார்களாமே? அதற்கென்று ஒயின் உண்டா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: உண்டு. உலர்ந்த அத்தி, திராட்சை, பாதாம், அக்ரூட், வெள்ளையும் கறுப்புமாக நூகா, ஆலிவ் எண்ணெய் சேர்த்த ரொட்டி என்று வீட்டுக்கு வீடு சிறிது மாறும் அந்த 13 இனிப்புகளோடு, திராட்சைச் சாற்றைக் கொப்பரையில் மணிக்கணக்காகக் காய்ச்சிக் குறுக்கிய பிறகு நொதிக்க வைக்கும் வேன் க்வி என்னும் ஒயினைப் பரிமாறுவது பழைய வழக்கம். அது இப்போது குறைவாகவே கிடைப்பதால், பலர் முஸ்கா த போம் த வெனிஸோடு நிறைவு கொள்கிறார்கள்.

கேள்வி: லியோனில் ஓர் உணவகத்தில் பரிமாறுபவனாக வேலை செய்கிறேன். டிசம்பர் 31 இரவு ஷாம்பெயின் திறக்கச் சொல்வார்கள். கார்க் பறக்காமல் திறப்பது எப்படி?
— வாசகர், லியோன்

பதில்: புட்டிக்குள் ஏறக்குறைய ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். முதலில் புட்டி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பனிக்கட்டியை மட்டும் போடாமல் பாதியளவு தண்ணீரும் ஊற்றிய வாளியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். மேலுள்ள தாளை உரித்து, கம்பி வலையை ஆறு அரைச் சுற்றுத் திருகினால் அது தளரும். அந்தக் கணத்திலிருந்து கட்டைவிரல் கார்க்கின் தலையை விட்டு எழக் கூடாது. கம்பி வலையைக் கழற்றாமல் கார்க்கோடு சேர்த்தே பிடித்துக்கொள்வது நழுவாமல் இருக்க உதவும். புட்டியைச் சாய்த்து, ஆளில்லாத பக்கம் நோக்கி வைத்து, கார்க்கை அசையாமல் பிடித்தபடி அடிப்பாகத்தை மெதுவாகத் திருப்புங்கள். கார்க் தானே மேலேறி வரும். அதை உள்ளே தள்ளுவது போல எதிர்த்துப் பிடித்தால் ஒரு சிறு பெருமூச்சோடு வெளிவரும். ஊற்றும்போது முதலில் இரண்டு விரல் அளவு விட்டு, நுரை அடங்கிய பின் மீதியை நிரப்புங்கள்.

சிவப்பு ஒயினைப் பற்றியும் ஒரு சொல்: அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய அறிவுரை, வீட்டைச் சூடாக்கும் கருவிகள் வருவதற்கு முந்தைய குளிர்ந்த அறைகளுக்குரியது. 22 பாகை அறையில் நிற்கும் ஒயினைச் சிறிது குளிர வைத்து 16 பாகைக்குக் கொண்டுவந்தால்தான் சாராய நெடி தலைதூக்காது.

கேள்வி: விருந்து முடிந்து காரில் திரும்ப வேண்டியவர்களுக்கும், குடிக்காதவர்களுக்கும் என்ன கொடுப்பது? மிஞ்சிய ஒயினை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
— வாசகி, பொண்டி

பதில்: பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமை எட்டக் கூடாது. புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 கிராம். இரண்டாவது அளவு ஒரே கோப்பையில் வந்துவிடலாம் என்பதால், புதிய உரிமக்காரருக்கு ஒயினே ஊற்றாதீர்கள். அவர்களுக்கு நுரைக்கும் திராட்சைச் சாற்றை வாங்கி, மற்றவர்களுக்கு வைக்கும் அதே கோப்பையில் பரிமாறுங்கள். பிளாஸ்டிக் குவளையில் கோலா கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது விருந்துக்கு அழகன்று.

மிஞ்சியவற்றில் சோத்தெர்ன் சர்க்கரையின் பலத்தில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். மோரியும் பன்யுல்ஸும் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். வெள்ளையும் சிவப்பும் கார்க்கை இறுக்கி மூடி உள்ளே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஷாம்பெயினின் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் நுரை போகாது என்று பிரெஞ்சுக்காரர்கள் பலரும் நம்புகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, அதற்கென்று விற்கும் கவ்வுமூடியை வாங்கிப் போட்டால் மறுநாள் மாலை வரை நுரை இருக்கும். நாலைந்து நாளாகியும் தீராத சிவப்பு ஒயினைக் கீழே ஊற்றாமல், மாட்டிறைச்சி வேகும் சட்டியில் வெங்காயத்தோடும் காரட்டோடும் சேர்த்து, மூன்று மணி நேரம் சிறு தீயில் விட்டுவிடுங்கள்.